மரீ ஒட்டக ஓட்டமும் தண்டவாளத்துக்கு அப்பால் வாழ்ந்த மனிதரும்

ஒட்டகம் என்றவுடன் எங்களில் பெரும்பாலானோருக்கு ஞாபகம் வருவது அரபு நாடுகள்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அண்ணன்மார் அனுப்பிய படங்களில் பார்த்திருக்கிறோம். அவுஸ்திரேலியா என்றால் கங்காரு, கோலா என்றுதான் எமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படம் கீறுகிறார்கள். ஆனால் உலகத்திலேயே மிகப் பெருந்தொகையான ஒட்டகங்கள் எவருக்கும் சொந்தமில்லாமல் காட்டு விலங்காய்த் திரிகிற நாடு, நாங்கள் அடைக்கலம் தேடி வந்த இந்த அவுஸ்திரேலியாதான். அவை எப்படி இங்கே வந்தன, அவற்றைக் கொண்டுவந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் மரீ என்ற சிற்றூருக்கு ஒட்டக ஓட்டம் பார்க்கப் போனபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

மரீ, அடிலெயிட் நகரத்தில் இருந்து வடக்கே ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்துதான் பேர்ட்ஸ்வில் பாதையும் ஊட்னடாட்டா பாதையும் பாலைவனத்துக்குள் பிரிந்து போகின்றன. வருடம் முழுவதும் ஒரு சில குடும்பங்களே வாழ்கிற அந்த ஊரில், குளிர்காலமான யூலை மாதத்தில் ஒட்டக ஓட்டம் நடக்கிறது. அந்த ஒரு வார இறுதிக்கு மட்டும் ஊர் நிரம்பி வழிகிறது.

எங்களுக்கு இதைச் சொன்னவர் எங்கள் தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் வேலை செய்கிற ஹசாரா நண்பர். அவரும் எங்களைப் போலப் படகில் வந்தவர். “ஒட்டகம் ஓடுகிறதைப் பார்க்க மட்டும் போகாதீர்கள். அந்த ஊரை முழுக்க ஆப்கான் ஊர் என்றுதான் ஒரு காலம் சொன்னார்கள்” என்றார். நாங்கள் மூன்று குடும்பங்கள், தனியாய் இருக்கிற இரண்டு தம்பிமார், அவரும் சேர்ந்து இரண்டு வாகனங்களில் வெளிக்கிட்டோம். புளிச்சாதம், கட்டைச் சம்பல், பாண், முறுக்கு, பெரிய போத்தலில் தேத்தண்ணி எல்லாம் கட்டிக்கொண்டுதான். எங்கள் சனம் சாப்பாடு இல்லாமல் எங்கே போயிருக்கிறது?

போர்ட் ஒகஸ்ராவில் ஓர் இரவு

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளிக்கிட்டதால் அன்றிரவு போர்ட் ஒகஸ்ராவில் தங்கினோம். இருட்டில் அதற்கு மேலே போகக் கூடாது. கங்காருக்கள் குறுக்கே பாயும்.

இந்தப் போர்ட் ஒகஸ்ரா துறைமுகத்தில்தான், 1866ஆம் ஆண்டு பிறக்கிற நேரத்தில், நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும் அவற்றை ஓட்டத் தெரிந்த 31 பேரும் கப்பலில் வந்து இறங்கினார்கள். தோமஸ் எல்டர் என்ற பெரும் பண்ணைக்காரர் அவர்களைக் கராச்சிப் பக்கத்தில் இருந்து எடுப்பித்தார். அதற்கு முன்னரும் ஒட்டகங்கள் வந்ததுண்டு. 1840இல் முதல் ஒட்டகம் அடிலெயிட் துறைமுகத்தில் இறங்கியது. 1860இல் பேர்க், வில்ஸ் என்ற இருவரின் புகழ்பெற்ற பயணத்துக்காக 24 ஒட்டகங்கள் மெல்பேர்ணுக்குக் கொண்டுவரப்பட்டன. ஆனால் ஒட்டகத்தைப் பெருக்கி, அதை ஒரு தொழிலாக்கியது எல்டரின் பெல்டானாப் பண்ணைதான்.

இதே போர்ட் ஒகஸ்ராவுக்குக் கிட்டத்தான் 2007இல் மூடப்பட்ட பக்ஸ்டர் தடுப்பு முகாமும் இருந்தது. முன்னர் வந்த அகதிகள் பலர் அங்கே முட்கம்பிக்கும் மின்கம்பிக்கும் உள்ளே காலம் கழித்தார்கள். ஹசாரா நண்பரின் மாமனாரும் அங்கே இருந்தவராம். ஒரே ஊர், இரண்டு காலத்து வருகை. அன்றிரவு தேத்தண்ணி குடித்துக்கொண்டு இதைத்தான் வெகு நேரம் கதைத்தோம்.

ஓட்டம்

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டு, பிளிண்டர்ஸ் மலைத்தொடரை வலப்பக்கம் விட்டு, டிங்கோ நாய்களைத் தடுக்கப் போட்ட நீண்ட வேலியையும் தாண்டி மரீக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த வேலி 5,000 கிலோமீற்றருக்கும் மேல் நீளமாம். றோட்டைக் கடக்கிற இடத்தில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கம்பிதான்.

ஓட்டம் நடக்கிற இடம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் வெளி. மாட்டு வண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு அந்த இடம் அந்நியமாய் இராது. அதே புழுதி, அதே ஆரவாரம், அதே போல ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சுவிடாமல் கத்துகிறார். ஒரு வித்தியாசம். சவாரி மாடு ஓடத்தான் நிற்கும். ஒட்டகமோ தனக்கு மனம் வந்தால்தான் ஓடும். முதலில் அவற்றைக் கோட்டுக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. ஒன்று திரும்பி நிற்கும். ஒன்று பக்கத்து ஒட்டகத்தைக் கடிக்கப் போகும். ஒன்று தொண்டைக்குள் இருந்து எங்கள் ஊர்த் தண்ணீர் பம்பி மாதிரி ஒரு சத்தம் போடும்.

ஓட்டுபவர் திமிலுக்குப் பின்னால், ஏறக்குறைய வால்பக்கத்தில் குந்தியிருக்கிறார். பிடிக்கிறதுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கொடி விழுந்ததும் நான்கு ஒட்டகங்கள் பாய்ந்தன. மிச்சம் இரண்டு நின்ற இடத்திலேயே நின்றன. அதில் ஒன்று, முதலாவதாய் வந்த ஒட்டகம் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஓடத் தொடங்கியது. சனம் அதற்குத்தான் கூடக் கைதட்டியது. எங்கள் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து மண்ணில் இருந்துவிட்டார்கள்.

ஆனால் ஓடத் தொடங்கினால் அது வேடிக்கை இல்லை. அந்த நீண்ட கால்கள் எட்டிவைக்கும்போது நிலம் அதிர்கிறது. குறுந்தூரத்தில் மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேலும் ஓடக்கூடிய பிராணி அது. தடித்த மெத்தை போன்ற பாதம் மணலில் புதைவதில்லை. திமிலுக்குள் இருப்பது பலர் நினைக்கிறபடி தண்ணீர் இல்லை, கொழுப்பு. தாகத்தோடு இருக்கிற ஒட்டகம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லீற்றருக்கு மேலே குடித்துவிடும். நன்கு வளர்ந்த ஆண் ஒட்டகம் 600 கிலோ வரை சுமக்கும். குதிரையும் மாடும் செத்து விழுந்த வழிகளில் ஒட்டகம் மட்டும் போய் வந்ததற்கு இவைதான் காரணம்.

எங்களில் ஒருவர் இங்கே வருமுன் கத்தாரில் வேலை செய்தவர். அங்கே ஒட்டகத்தின் முதுகில் இருப்பது ஒரு சிறிய இயந்திரப் பொம்மை என்றும், முதலாளிமார் காரில் கூடவே ஓடி அதை இயக்குவார்கள் என்றும் சொன்னார். முன்னர் ஏழை நாடுகளில் இருந்து கொண்டுவந்த சின்னப் பிள்ளைகளைத்தான் அங்கே ஏற்றினார்கள். 2005இல் கத்தாரிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் அதைத் தடைசெய்தார்கள். மரீயில் நாங்கள் பார்த்த ஓட்டக்காரர் எல்லோரும் வளர்ந்தவர்கள். விழுந்து எழும்பிச் சிரித்தார்கள்.

இந்த நாட்டில் இப்படி ஓட்டம் நடக்கும் ஊர்கள் பல. அலிஸ் ஸ்பிரிங்ஸில் 1970இல் இரண்டு நண்பர்கள் காய்ந்த டொட் ஆற்றுப் படுக்கையில் போட்டிக்கு ஒட்டகம் ஓட்டியதில் இருந்து அங்கத்தைய கிண்ணம் ஆரம்பமானது. குயின்ஸ்லாந்தில் பூலியா என்ற ஊரில் 1997 முதல் நடக்கிறது. அங்கே கடைசி ஓட்டம் 1,500 மீற்றர்.

எங்கள் காதில் விழுந்த ஒரு சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். ஒட்டகத்தை முழங்கால் மடித்து இருத்துவதற்கு வெள்ளைக்காரப் பெடியன்கள் “ஹூஷ்டா, ஹூஷ்டா” என்றார்கள். அது ஆங்கிலச் சொல் இல்லை. அன்று வந்த ஓட்டிகள் விட்டுப்போன சொல். அதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது யாருடைய சொல் என்று தெரியுமோ?

தண்டவாளம் பிரித்த ஊர்

1860களில் இருந்து 1920கள் வரை 2,000க்கு மேற்பட்ட ஓட்டிகள் இந்த நாட்டுக்கு வந்தார்கள். பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், பெஷாவர், ஆப்கானிஸ்தான் என்று பல இடங்களில் இருந்து, பல மொழி பேசி வந்தவர்கள். இங்கே அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: “ஆப்கான்”. அதையும் சுருக்கி “கான்” என்றார்கள். அடிலெயிட்டில் இருந்து வடக்கே ஓடுகிற புகழ்பெற்ற றெயிலுக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான். ஹசாரா நண்பர் சிரித்தார். “உங்களை எல்லோரும் இந்தியன் என்கிறார்கள்தானே, அதே கதைதான்” என்றார்.

அவர்கள் பெரும்பாலும் மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தார்கள். மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியவில்லை. 1872இல் முடிந்த தந்திக் கம்பிப் பாதைக்கும், பின்னர் றெயில் பாதைக்கும், உள்ளூர்ப் பண்ணைகளுக்கும், சுரங்கங்களுக்கும் சாமான் சுமந்தது இவர்களின் ஒட்டகங்கள்தான். மாவும் சீனியும் உள்ளே போகும், ஆட்டு ரோமப் பொதிகள் வெளியே வரும். 1884இல் மரீ வரை றெயில் வந்தபோது, அதற்கு அப்பால் எல்லாம் ஒட்டகப் பாதை. மரீ பெரிய ஒட்டக நகரமானது.

ஓட்டம் முடிந்த பின்னேரம் ஊருக்குள் நடந்தோம். பழைய றெயில் நிலையத்தில் ஓடாத இயந்திரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கான பழைய பாதை 1980இல் கைவிடப்பட்டு, புதிய பாதை மேற்கே தூரத்தில் போடப்பட்டது. அந்தப் பழைய தண்டவாளம்தான் ஒரு காலத்தில் ஊரின் எல்லை. ஒரு பக்கத்தில் வெள்ளையர், ஹோட்டல், கடைகள். மற்றப் பக்கத்தில் ஆப்கான்களும் இந்த மண்ணின் பூர்வீக மக்களும். தகரக் கொட்டில்கள், ஒட்டகப் பட்டி, பேரீச்ச மரங்கள். அவர்கள் கட்டிய மண் பள்ளிவாசலே அவுஸ்திரேலியாவின் முதலாவது பள்ளிவாசல் என்று சொல்லப்படுகிறது. அது இப்போது இல்லை. அதைப் போன்ற ஒரு சிறிய கட்டடத்தை ஊருக்குள் அமைத்திருக்கிறார்கள். நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நாங்களும் கழற்றினோம்.

அங்கே ஒரு வயதான அம்மா எங்களோடு கதைத்தா. அவவின் பாட்டனார் பலூசிஸ்தானில் இருந்து வந்தவர், பாட்டி பூர்வீக குடியைச் சேர்ந்தவ. ஓட்டத்துக்கு வருடா வருடம் வருவாவாம். “எங்கள் அம்மா சின்னப் பிள்ளையாய் இருக்கேக்கை கடைக்குப் போகத் தண்டவாளத்தைத் தாண்டுவா. சாமானை வாங்கினால் உடனே திரும்பி வந்துவிட வேணும். அங்கே நின்று விளையாட ஏலாது” என்றா. எங்கள் பிள்ளைகள் அந்த நேரம் தண்டவாளம் கிடந்த இடத்தில் இங்காலும் அங்காலும் பாய்ந்து விளையாடிக்கொண்டு நின்றார்கள். அவ அதைப் பார்த்துக்கொண்டு நின்றா.

கைரேகை

1901இல் இந்த நாடு ஒன்றிணைந்தவுடன் கொண்டுவந்த முதற் சட்டங்களில் ஒன்று குடிவரவைத் தடுக்கும் சட்டம். வெள்ளையர் அல்லாதவரை ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்வதெழுதும் சோதனைக்கு இருத்தித் திருப்பி அனுப்பலாம். 1903இல் வந்த சட்டம், ஆசியாவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றது. கராச்சியும் பெஷாவரும் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தன. அங்கிருந்து வந்தவர்கள் பிரிட்டிஷ் பிரசைகள்தான். அதுகூட உதவவில்லை. தாய் தகப்பனைப் பார்க்க ஊருக்குப் போய் வருவதென்றால், படமும் கைரேகையும் பதித்த ஒரு பத்திரம் எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அதே சோதனை.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு விரலில் மை பூசிய ஞாபகம் வரும், அல்லது கண்ணாடியில் விரல் வைத்த ஞாபகம் வரும். 2012, 2013இல் படகில் வந்தவர்களுக்குத் தற்காலிக விசாதான். குடும்பத்தைக் கூப்பிட முடியாது. 2023 பெப்ரவரியில்தான் அரசாங்கம் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. எங்களோடு வந்த குடும்பங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. தனியாய் வந்த தம்பிமாரில் ஒருவருக்கு அது பொருந்தவில்லை. அவருடைய வழக்கு முன்னமே நிராகரிக்கப்பட்டது. இன்றைக்கும் பிரிட்ஜிங் விசாதான். இலங்கையில் விட்டு வந்த மகளைக் கைக்குழந்தையாய்க் கண்டவர், இப்போது தொலைபேசியில்தான் வளர்ந்த பிள்ளையாய்க் காண்கிறார். தண்டவாளத்தடியில் நாங்கள் கதைத்துக்கொண்டு நின்றபோது அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நூறு வருசத்துக்கு முந்தியும் இப்படித்தான் ஒருத்தன் இதிலே நின்றிருப்பான்” என்று மட்டும் சொன்னார்.

நூறு வருடத்துக்கு முந்தியதும் இன்றையதும் ஒன்றுதான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கள் பிள்ளைகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை 1973இல் முற்றாக ஒழிந்தது. அதை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் இந்த நாட்டு வெள்ளையரும் இருந்தார்கள். ஆனாலும் ஒருவனிடம் வேலையை வாங்கிக்கொண்டு, அவனுடைய குடும்பத்துக்கு மட்டும் கதவைச் சாத்துகிற பழக்கம் பழையது என்பதை அங்கே கண்டோம்.

சுட்டுத் தள்ளிய ஒட்டகங்கள்

1920களில் லொறி வந்தது. ஒட்டகத்துக்கு வேலை போனது. 1925இல் தென் அவுஸ்திரேலிய அரசு ஒட்டக அழிப்புச் சட்டம் என்றே ஒன்றைக் கொண்டுவந்தது. பதிவில்லாமல் அலைகிற ஒட்டகத்தைக் கொல்லலாம் என்றது. கூடவே வளர்ந்த பிராணியைச் சுட மனமில்லாமல் பல ஓட்டிகள் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அவற்றின் வழிவந்தவைதான் இன்று பாலைவனத்தில் திரிபவை. பெருகிப்போய் நீர்நிலைகளை நாசமாக்குகின்றன, பூர்வீக மக்களின் கிராமங்களில் குழாய்களை உடைக்கின்றன என்று 2009 முதல் 2013 வரை ஏறத்தாழ 160,000 ஒட்டகங்கள் அகற்றப்பட்டன. பெரும்பாலானவை ஹெலிகொப்டரில் இருந்து சுடப்பட்டன. 2020 ஜனவரி வறட்சியிலும் ஆயிரக்கணக்கில் சுட்டார்கள். அந்தக் கிராமத்தவரின் கஷ்டமும் உண்மைதான். தண்ணீருக்கு அலைந்த எங்களுக்கு அது விளங்கும். ஆனால் தானாக வராத, கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட பிராணி அது என்பதையும் மறக்கக் கூடாது.

மரீயில் வாழ்ந்த பெஜா டேர்விஷ் என்பவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பலூசிஸ்தானில் பிறந்தவர். 1896இல் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தைக் கடந்த கல்வேர்ட் பயணக் குழுவுக்கு ஒட்டகம் ஓட்டினார். அந்தப் பயணத்தில் இருவர் தாகத்தால் இறந்தார்கள். இவருடைய உழைப்பை மதித்துக் குழுத் தலைவர் லோரன்ஸ் வெல்ஸ் தனது திசைகாட்டியை இவருக்குப் பரிசளித்தார். பிற்காலத்தில் மரீயில் பேரீச்ச மரம் வளர்த்து வாழ்ந்து, 1957இல் இறந்தார். 1939இல் சிம்சன் பாலைவனத்தைக் கடந்த மடிகன் குழுவுக்கு ஒட்டகம் ஓட்டியது இவருடைய மகன் ஜக். தகப்பனுக்குத் தந்த திசைகாட்டி, மகன் போட்ட பாதை. இந்தக் குடும்பத்தின் கதை எழுதப்பட்டிருப்பதால்தான் எங்களுக்குத் தெரிகிறது. பெயர் எழுதப்படாத ஓட்டிகள் எத்தனை பேர்?

எங்கள் கதையை யார் எழுதுவது?

திரும்பி வரும் வழியில் ஒரு பிள்ளை, “ஒட்டகத்தின்ர பிள்ளை குட்டியோ கன்றோ?” என்று கேட்டாள். எங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியரைக் கேட்டதில், தொல்காப்பியத்திலேயே ஒட்டகத்துக்கும் கன்று என்ற சொல் உரியதாய்ச் சொல்லப்பட்டிருக்கிறது என்றார். நாங்கள் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். பிள்ளைகள் கேட்கிறபடியால்தான் நாங்களும் படிக்கிறோம்.

அந்த அம்மா சொன்ன இன்னொரு விஷயம்: தனது பாட்டனார் எந்த ஊரில் பிறந்தார் என்பது குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார், பயம். எங்களுக்கு இது பெரிதாய்ப் பட்டது. எங்களிலும் எத்தனை பேர் படகில் வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை! எந்தக் கிராமம், எந்த வருடம், கூட வந்தவர் யார், முகாமில் எத்தனை மாதம், முதல் வேலை எது, அதில் எவ்வளவு சம்பளம். இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதற்குப் படிப்புத் தேவையில்லை. இதற்காக எங்கள் மூன்று குடும்பங்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதுகிறார்கள். எழுத்துப் பிழையைப் பிறகு திருத்தலாம். பிரிட்ஜிங் விசாவில் இருக்கிற தம்பியும் வருகிறார். மகளுக்கென்று அவர் தனியாக ஒரு கொப்பி வைத்திருக்கிறார்.

அடுத்த யூலையில் போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திகதியை முன்கூட்டியே விசாரித்து, தங்குமிடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். மழை பெய்தால் உள்ளூர் றோட்டுகளை மூடிவிடுவார்கள், வெளிக்கிட முன் கேட்டுப் பாருங்கள். எரிபொருளையும் குடிதண்ணீரையும் போர்ட் ஒகஸ்ராவில் நிரப்புங்கள். பகலில் வெயில், இரவில் கடுங்குளிர், ஆகவே பிள்ளைகளுக்குக் கம்பளி கட்டாயம். இருட்டில் ஓடாதீர்கள். ஓட்டத்தைப் பார்த்து நன்றாகச் சிரியுங்கள், அது சிரிப்பதற்குத்தான். அதற்குப் பிறகு தண்டவாளத்தைக் கடந்து அந்தப் பேரீச்ச மரங்கள் வரை ஒருமுறை நடந்து போய் வாருங்கள். பிள்ளைகளையும் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.